மல்லாட்டைப் பொட்டலத்தில் நீந்திய கெளுத்தி

நான் செய்து முடித்தவற்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் யாரும் எனக்குத் தெரியாதே என்று கையை விரிக்கக் கூடாது.

பாகூர் பக்கத்தில் மாட்டுவண்டிக்கு ஆயில் பெயிண்டில் தாமரைப்பூ போட்ட முதல் ஆள் நான். அந்தக் காலத்தில் தவளக்குப்பத்துக்கு இந்தப் பக்கம் தொங்கிய கடைப் பலகைகளில் பாதி என் கை. ஜவுளிக்கடை, உரக்கடை, சாராயக்கடை, எதையும் விடவில்லை. சாராயக்கடைக்குப் பலகை எழுதப் போய், எழுத்தும் ஆளும் கோணாமல் திரும்பி வந்தவன் நான் ஒருத்தன்தான். கதை, படம், எழுத்து, அச்சு எல்லாம் ஒற்றை ஆளாகச் செய்து, கோணி ஊசியில் நானே தைத்து, ஒரு படக்கதைப் பத்திரிகை கொண்டுவந்தேன். அந்தப் படக்கதையை நூலகத்தை விட்டு விரட்டினார்கள். விரட்டியவர் கையாலேயே மறுபடி உள்ளே கொண்டுவர வைத்தேன்.

அஞ்சாம் வகுப்பில் பாதியோடு நின்றவன் நான். மீதிப் பாதியையும் படித்திருந்தால் எங்காவது ஆபீசில் உட்கார்ந்து பேனா பிடித்திருப்பேன். படக்கதை வந்திருக்காது. ஆக நடந்ததெல்லாம் ஊருக்கு நல்லதுதான்.

இப்போது படம் போடுகிற பிள்ளைகள் கம்ப்யூட்டரில் போடுகிறீர்கள். நல்லது. ஆனால் உங்கள் படத்தை ஒருத்தர் எடுக்கச் சொன்னால் என்ன செய்வீர்கள்? அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஊர்ப் பேரைப் போடவில்லை. வாரிசுகள் சண்டைக்கு வருவார்கள்.

1. சுண்ணாம்பு அடிக்கப் போன இடத்தில்

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்போம், கூப்பிடும்போது ஐயா என்பதற்குப் பதில் மிசே என்போம். ஒரு சொல்தா வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போயிருந்தேன். குப்பையோடு குப்பையாக ஒரு படக்கதைப் புத்தகம் கிடந்தது. ஓரமெல்லாம் எலி கடித்தது.

"மிசே, இது வேணுங்களா?"

"எடுத்துக்கினு போடா. உனக்குப் பிரெஞ்சு தெரியுமா?"

"தெரியாதுங்க."

"பின்னே இன்னாத்துக்கு?"

இன்னாத்துக்கு என்று எனக்கும் தெரியவில்லை. வீட்டில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்தேன். ஒரு எழுத்து புரியவில்லை, ஆனால் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்துவிட்டேன். கட்டத்துக்குக் கட்டம் ஆள் கையை ஓங்குகிறான், அடுத்த கட்டத்தில் இன்னொருவன் தலையைத் தடவுகிறான். நடுவில் விழுந்த அடியை வரையவே இல்லை. அதை நானே மனசுக்குள் அடித்துக்கொண்டேன். அன்றைக்கே இந்தத் தொழிலின் சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. எழுத்தைக் கையால் மறைத்தாலும் கதை ஓட வேண்டும். பிற்பாடு எத்தனையோ பேர் படக்கதைக்கு இலக்கணம் பேசக் கேட்டிருக்கிறேன். இதற்கு மேல் ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை.

2. மெழுகுத்தாள் கிழிந்தது

பாகூரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்தது. அவர்களுக்குப் பலகை எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களுடைய சைக்ளோஸ்டைல் மெஷினை நான் சுற்றிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு.

சைக்ளோஸ்டைல் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஸ்டென்சில் என்று மெழுகு பூசிய தாள் இருக்கும். ஊசிமுனைப் பேனாவால் அதில் கீற வேண்டும். கீறின இடத்தில் மெழுகு போய்விடும், உருளையில் மாட்டிச் சுற்றினால் அந்த வழியாக மை இறங்கும். கோடு போடலாம், கருப்பாக நிரப்ப மட்டும் கூடாது. நிரப்பினால் தாள் கிழியும். கிழிந்த இடத்தில் மை கொட்டும்.

என் கதைக்கு "ஏரிக்கரைக் கெளுத்தி" என்று பேர். கதாநாயகன் ஒரு கெளுத்தி மீன், பேர் கெளுத்திராஜா. மீசை உண்டு, முள் உண்டு, வாய்த்துடுக்கு நிறைய உண்டு. வில்லன் ஒரு பண்ணையார். ஏரி மதகை அடைத்துவிட்டு, தண்ணீரைத் தன் நிலத்துக்கு மட்டும் திருப்பிக்கொள்கிறவன். கெளுத்திராஜா மதகுக்குள் புகுந்து அவனை ஆட்டிவைக்கும்.

பண்ணையாருக்கு முறுக்கு மீசை வைத்தேன். கொஞ்சம் அடர்த்தியாக இருக்கட்டுமே என்று அழுத்திக் கீறினேன். பேனா வழுக்கி, கன்னத்தில் ஸ்டென்சில் பொத்தலாகிவிட்டது. அந்த ஸ்டென்சிலை வீச மனசு வரவில்லை. அப்படியே ஓட்டினேன். பண்ணையாரின் இடது கன்னத்தில் உளுந்து அளவுக்கு ஒரு கருப்புப் புள்ளி வந்தது. பார்த்தால் அசல் மரு.

பெட்டிக்கடைகளில் தொங்கவிட ஒருத்தரும் ஒத்துக்கொள்ளவில்லை. நேராக ஊர் நூலகத்துக்குப் போனேன். நூலகர் கஸ்தூரி கரியமாணிக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் பெண். என்னைவிட வயதில் சின்னவர், என்னைவிட வாய் பெரியது. நின்றபடியே முழுசாகப் படித்தார்.

"எத்தினி இருக்குதுண்ணே?"

"கட்டா இருக்குதும்மா."

"கட்டோட குடுங்க. ஒண்ணே ஒண்ணு வச்சா பசங்க கிழிச்சிக்கும்."

படக்கதை அலமாரியில் என் கட்டும் ஏறியது. அரசாங்க மானியத்தில் வாங்கிய கெட்டி அட்டைப் புத்தகங்களுக்குப் பக்கத்தில். பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப்போனார்கள், வீட்டில் பெரியவர்களும் பார்த்தார்கள். பார்த்தவர்கள் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

ஏன் சிரித்தார்கள் என்றால், எங்கள் ஊர் ரைஸ்மில் முதலாளி சபாபதிக்கு முறுக்கு மீசை உண்டு, இடது கன்னத்தில் மரு உண்டு. அவர்தான் நூலகக் கமிட்டித் தலைவரும்.

3. முதலாளி கண்ணாடி பார்த்தார்

வேடிக்கை என்னவென்றால், சபாபதியும் சேர்ந்து சிரித்தார். மில் பலகைக்கு அளவெடுக்கப் போன என்னிடமே புத்தகத்தை நீட்டினார்.

"யாருபா இந்த ஆளு? எந்த ஊரு பண்ணையாரு?"

"கற்பனைங்க மொதலாளி."

"மரு கிருல்லாம் வச்சி ஜோராத்தான் கீறியிருக்கற. எனக்கும் மரு இருக்குது. ஆனா அந்தப் பக்கமில்ல."

எனக்கு அப்போது விளங்கவில்லை. கஸ்தூரிதான் விளக்கினார். நாம் அவரை எதிரில் நின்று பார்க்கிறோம். அவர் தன்னைக் கண்ணாடியில் மட்டும் பார்க்கிறார். கண்ணாடியில் மரு மறுபக்கம் தெரியும். படத்தில் இருந்தது ஊர் பார்த்த சபாபதி. அவருக்கு அந்த ஆளைத் தெரியாது.

எனக்கு ஒரு பயம் வந்துவிட்டது. இரண்டாவது இதழ் வர வேண்டும். படக்கதையில் ஒரு சட்டம் உண்டு, ஒரு தடவை வந்த அடையாளம் கடைசிவரை வர வேண்டும். இல்லாவிட்டால் வாசகன் "இவன் வேற ஆளு" என்பான். மருவை எடுக்க முடியாது. சரி, வலது கன்னத்துக்கு மாற்றிவிடலாம், ஊரும் சிரிக்காது, வம்பும் வராது என்று கணக்குப் போட்டேன்.

"அவரே சிரிச்சிட்டுப் போயிட்டாரு. நீங்க ஏன்ண்ணே அதுல கை வைக்கறீங்க?" என்றார் கஸ்தூரி.

நான் கேட்கவில்லை. அன்றைக்குக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

இரண்டாவது இதழ் வந்தது. மரு வலது கன்னத்தில். சபாபதி சவரக்கடையில் உட்கார்ந்து அதைப் பிரித்திருக்கிறார். நிமிர்ந்தால் எதிரில் கண்ணாடி. குனிந்தால் படம். மறுபடி கண்ணாடி. பாதிச் சோப்புமூஞ்சியோடு எழுந்து ரோட்டில் நடந்தார் என்று சவரக்கடைக்காரர் பிற்பாடு சொன்னார்.

4. படிச்சா கெட்டுப்போவமில்ல

கமிட்டி கூடிய அன்று நானும் நூலகத்தில்தான் இருந்தேன். சுவரில் "அமைதி காக்கவும்" என்று எழுதிக்கொண்டிருந்தேன். ஏணியில் நின்றதால் எல்லாம் நன்றாகத் தெரிந்தது, கேட்டது.

சபாபதி மருவைப் பற்றி மூச்சு விடவில்லை.

"கஸ்தூரி, படக்கதை எல்லாத்தையும் எடுத்துடும்மா. பசங்க கெட்டுப்போவுது."

"எந்தப் பக்கத்துல கெடுதல் இருக்குதுன்னு காட்டுங்க ஐயா."

சபாபதி, பக்கத்தில் இருந்த உரக்கடைக்காரரைப் பார்த்தார். அவரும் கமிட்டி உறுப்பினர். "நாங்க படிக்கலியேம்மா" என்றார் அவர்.

"படிக்காம கெடுதல்னு எப்படிங்க தெரியும்?"

"படிச்சா நாங்களும் கெட்டுப்போவமில்ல?"

நான் ஏணியிலிருந்தே கேட்டேன்: "கெட்டுப்போற வயசுங்களா உங்களுக்கு?"

"யோவ் கோதண்டம், நீ போர்டு எழுதற வேலையப் பாரு. அமைதின்னு எழுதிக்கினே கத்தறான் பாரு" என்றார் சபாபதி.

கஸ்தூரி விடவில்லை. "ஐயா, இன்னிக்கு உங்களுக்குப் புடிக்கலன்னு இத எடுத்தா, நாளைக்கு இவருக்குப் புடிக்காதது, நாளன்னிக்கு அவருக்குப் புடிக்காதது. கடைசில அலமாரில கரப்பான்பூச்சிதான் இருக்கும். என் கையால எடுக்க மாட்டேன்."

"அப்ப நீயும் கெளம்பு. இந்த மாசத்தோட வேற ஆளு பாத்துக்கறோம்."

கமிட்டி கொடுக்கிற சம்பளம், தற்காலிக வேலை. கஸ்தூரி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த வேலையை வைத்துத்தான் அவர் வீட்டில் உலை. என் கெளுத்திக்காக அந்த உலை நிற்கப் போகிறது. அவரைப் பார்த்தபடியே பிரஷை இழுத்துவிட்டேன். "காக்கவும்" என்பதில் கடைசி எழுத்து இன்றைக்கும் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும்.

"கொளுத்திடலாமா?" என்றார் உரக்கடைக்காரர், படக்கதைகளைக் காட்டி.

சபாபதி நாக்கைக் கடித்துக்கொண்டார். "யோவ், சரஸ்வதிய்யா அது. கால் பட்டாலே தொட்டுக் கும்புடறோம். கொளுத்துனா குடும்பத்துக்கு ஆவுமா? எடைக்குப் போடு."

அந்தப் பக்தி எனக்குச் செய்த உதவியை வேறு யாரும் செய்யவில்லை.

5. எடைக்குப் போன கதை

மில் ஆள் ஒருத்தன் அலமாரியைக் காலி செய்து பூட்டிவிட்டு, படக்கதைகளைத் தலைச்சுமையாகக் கொண்டுபோய்ப் பஸ் நிற்குமிடத்தில் அஞ்சலாட்சியிடம் போட்டான். அஞ்சலாட்சி அங்கே மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வறுத்து விற்கிறவள். பாகூர் பஸ், கரியமாணிக்கம் பஸ், தவளக்குப்பம் பஸ் மூன்றும் அவள் சட்டி வாசனைக்கு நின்றுதான் போகும்.

நான் சண்டைக்குப் போனேன். அவள் என் பக்கத்தைச் சுருட்டி, அதில் மல்லாட்டையைக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"உன் தாளு நல்ல தாளுய்யா ஆர்ட்டிஸ்டு. எண்ணெயெல்லாம் உறிஞ்சிக்குது" என்று பாராட்டு வேறு.

"கெட்டி அட்டைப் புஸ்தகம்லாம் எங்க?"

"அது மடிய மாட்டேங்குது. சட்டிக்கடியில முட்டு குடுத்திருக்கறேன்."

அந்த நேரத்தில் கரியமாணிக்கம் பஸ் கண்டக்டர் இறங்கி வந்தார். கையில் காலிப் பொட்டலம்.

"அஞ்சலாட்சி, இதுல கெளுத்தி மதகுக்குள்ள தலைய வுட்டுச்சு. அப்பால இன்னா ஆச்சு?"

"எனுக்கின்னாய்யா தெரியும்?"

"இன்னொரு பொட்டலம் குடு. இது மாரியே தாளுல குடு."

டிரைவர் ஹாரன் அடிக்கிறார், கண்டக்டர் பொட்டலத்துக்குப் பொட்டலம் பிரித்துப் பார்க்கிறார். அப்போதுதான் என் மண்டையில் பல்பு எரிந்தது. நூலகத்தில் இருந்தபோது என் கதையை எங்கள் ஊர் மட்டும்தான் படித்தது. இங்கே மூன்று பஸ்ஸும் படிக்கிறது. படிக்கத் தெரியாதவர்களும் படிக்கிறார்கள். எழுத்தை மறைத்தாலும் ஓடும் என்று சொன்னேனே, மல்லாட்டைத் தூள் மறைத்தும் ஓடியது.

நான் அஞ்சலாட்சி பக்கத்தில் உட்கார்ந்து பக்கங்களைப் பிரித்து அடுக்கினேன். கெளுத்தி மதகுக்குள் புகுகிற பக்கம் கரியமாணிக்கம் பஸ்ஸுக்கு. பண்ணையார் வழுக்கி விழுகிற பக்கம் தவளக்குப்பம் பஸ்ஸுக்கு. பறி என்கிற மீன்கூட்டில் கெளுத்தி மாட்டுகிற பக்கம் பாகூர் பஸ்ஸுக்கு. ஓர் ஊரில் முழுக்கதையும் கிடைக்காது. சந்தையில் பார்த்தால் ஆளுக்கொரு எண்ணெய்க் காகிதத்தை விரித்துவைத்துக்கொண்டு, "உங்க ஊருல இன்னா வந்துச்சு?" என்று விசாரிக்கிறார்கள். கெட்டி அட்டைப் புத்தகங்களை அஞ்சலாட்சியிடமிருந்து மீட்டு, முட்டுக்குப் பதில் இரண்டு செங்கல் கொடுத்தேன்.

இரண்டாவது இதழ் எங்கே முடிகிறது தெரியுமா? பண்ணையார் கெளுத்திராஜாவைப் பிடித்துவிட்டார். அடுப்பு எரிகிறது. சட்டியில் புளி கரைத்தாயிற்று. பண்ணையார் வாலைப் பிடித்துத் தூக்குகிறார். அவ்வளவுதான். மூன்றாவது இதழ் என் மண்டைக்குள் இருந்தது.

"முடிவு இன்னாங்க?" என்று கேட்காத ஆளில்லை. எல்லாருக்கும் ஒரே பதில் சொன்னேன்.

"முடிவு நூலகத்துலதான் வரும். அலமாரி தொறக்கணும். கஸ்தூரிம்மா கையால எடுத்துக் குடுக்கணும். பொட்டலத்துல வராது."

6. சட்டியிலேர்ந்து வுட்டுடுங்க

நான் நினைக்காத ஒன்று நடந்தது. ஜனங்கள் என்னை விட்டுவிட்டு சபாபதியிடம் போனார்கள்.

நெல் அரைக்க வந்த அம்மா மூட்டையை இறக்கிவிட்டுக் கும்பிடுகிறாள்: "ஐயா, வாயில்லா ஜீவன். வுட்டுடுங்கய்யா."

"எத வுடறது?"

"கெளுத்திய."

அடுத்த ஆள் மூட்டையை இறக்குவதற்குள்ளேயே ஆரம்பிக்கிறான்: "மொதலாளி, கொழம்பு வச்சிட்டீங்களா?" வண்டிக்காரர்கள் மில்லைத் தாண்டும்போது மூக்கை உறிஞ்சி, "வாசனை வருதுப்பா" என்கிறார்கள். வீட்டில் அவர் மனைவி கெளுத்தி மீன் வாங்குவதையே நிறுத்திவிட்டார். "ஊரு வாயில விழ வேணா" என்றாராம். கெளுத்திக் குழம்பு என்றால் உயிரை விடுகிற மனுஷன் அவர்.

மாசக் கடைசி நெருங்கியது. கஸ்தூரி மேஜையைத் துடைத்து, சாவியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார். "வுடுங்கண்ணே, வேற வேல பாத்துக்கறேன்" என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை சபாபதி என் கொட்டகைக்கு வந்தார். மில் பலகை வெளுத்துப்போயிற்று என்று பேச்சை எடுத்தார். பலகை எழுதி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நான் ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன்.

"கோதண்டம், என்னைக் கடைசில இன்னாதான் பண்ணப் போற?"

"உங்களையா? நான் உங்கள இன்னாங்க பண்ணுவேன்?"

"நடிக்காதடா. அந்தப் பண்ணையார."

"அலமாரி தொறந்தா தெரிஞ்சிரும் மொதலாளி."

"அந்த மருவ மட்டும் எடுத்துடு. நீ கேட்டத செய்யறேன்."

இளம்பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். தலையாட்டியிருந்தால் அன்றைக்கே வேலை முடிந்திருக்கும். ஆனால் எனக்கு அதற்குள் புத்தி வந்திருந்தது. மரு இடது கன்னத்தில் இருந்தவரை அவர் சிரித்துக்கொண்டிருந்தார். பயந்து மாற்றினேன், மாட்டிக்கொண்டேன். பயத்தில் திருத்துகிறவன், இதோ பார் இங்கேதான் விஷயம் இருக்கிறது என்று தானே விரலை நீட்டிக் காட்டிக்கொடுக்கிறான். நாளைக்கு மருவை எடுத்தால், நாளன்றைக்கு மீசையை எடு என்பார். அப்புறம் மதகைத் திற என்பதையும் எடு என்பார்.

"எடுக்க மாட்டேன்" என்றேன். "வேணும்னா ஒண்ணு செய்யறேன். எல்லாருக்கும் மரு வச்சிடறேன்."

"எல்லாருக்கும்னா?"

"ஆம்பள, பொம்பள, மாடு, கெளுத்தி. ரெண்டு கன்னத்துலயும். எவனும் இது நான்தான்னு சொல்ல முடியாது."

சபாபதி கன்னத்தைத் தடவிக்கொண்டார். சிரிப்பு வந்ததை மீசைக்குள் அடக்கிக்கொண்டார்.

"எனக்குப் போட்டது எனக்கே இருக்கட்டும்பா, மாட்டுக்கெல்லாம் எதுக்கு" என்று முணுமுணுத்தார். பிறகு, "அந்தப் பொண்ணு இருக்கட்டும். அலமாரியத் தொறந்துக்க. ஆனா சீக்கிரம் முடிச்சித் தொலைடா. ஒரு மூட்ட நெல்லு அரைக்கறதுக்குள்ள ஒம்பது பேருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்குது."

அந்த வாரமே கமிட்டி கூடித் தீர்மானத்தை ரத்து செய்தது. படக்கதை அலமாரி திறந்தது, மீட்டுவைத்த கெட்டி அட்டைப் புத்தகங்கள் திரும்பின. கஸ்தூரி ஒரு அட்டையில் "கெளுத்திப் பக்கம் வைத்திருப்போர் திருப்பித் தரவும்" என்று எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். மூன்று பஸ்ஸிலிருந்தும் எண்ணெய்க் காகிதங்கள் வந்து இறங்கின. கஸ்தூரி ஒவ்வொன்றாய் நீவி, ஒட்டி, தைத்தார். அந்தப் பிரதிகளில் மிளகாய்த்தூள் நெடி வெகுநாள் போகவில்லை. எறும்புதான் அதிகம் படித்தது.

மூன்றாவது இதழை நூலகத்தில் வைத்த அன்று வாசல் கொள்ளவில்லை. கெளுத்திராஜா பண்ணையார் உள்ளங்கையில் முள்ளை ஏற்றிவிட்டு, ஒரே துள்ளலில் ஜன்னல் வழியாக வாய்க்காலில் குதித்தது. கை வீங்கிய பண்ணையாரால் மதகை அடைக்க முடியவில்லை, தண்ணீர் எல்லாருக்கும் போயிற்று. சபாபதி கேட்டுக்கொண்டபடி மாட்டுக்கு மரு வைக்கவில்லை. பண்ணையாருக்கு எந்தக் கன்னத்தில் வைத்தேன்? இரண்டிலும்.

சபாபதி கூட்டம் கலைந்த பிறகு வந்தார். கமிட்டித் தலைவராகி இத்தனை வருஷத்தில் அந்த நூலகத்தில் அவர் உட்கார்ந்து படித்த முதல் புத்தகம் அதுதான். முடித்துவிட்டு, "கையி வீக்கம் எப்ப வத்தும்?" என்று கேட்டார். கஸ்தூரி என் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்.

7. என் பேர்

சில வருஷம் கழித்து நூலகத்துக்குப் புது அறை கட்டினார்கள். வாசலில் ஒரு பலகை வைத்தார்கள். "சிறுவர் படக்கதைப் பகுதி, உபயம்" என்று போட்டு, கீழே சபாபதி பேர், அதற்குக் கீழே கமிட்டி உறுப்பினர்கள் பேர். உரக்கடைக்காரர் பேரும் உண்டு. கொளுத்திடலாமா என்று கேட்ட அதே ஆள். இதில் கொடுமை, அந்தப் பலகையை எழுதக் கூப்பிட்டது என்னைத்தான். எழுதினேன். தொழில் தொழில்தான். ஒரு எழுத்தும் கோணவில்லை.

திறப்பு விழாவில் பேசினவர்கள் எல்லாம், ஊரில் குழந்தைகளுக்குப் படக்கதை கொடுத்த வள்ளல் என்று சபாபதிக்கு மாலை போட்டார்கள். அவரும் வாங்கிக்கொண்டார். இன்றைக்கு அவர் இல்லை. ஆனால் பலகை இருக்கிறது.

ஆகவே நூலகத்தை இப்போது நடத்துகிறவர்களுக்கு என் கோரிக்கை இது. அந்தப் பலகையை எடுக்க வேண்டாம், எதையும் எடுக்கச் சொல்கிற ஆள் நானில்லை. பக்கத்தில் இன்னொன்று வையுங்கள். "இந்த அலமாரியைக் காப்பாற்றியவர்கள்" என்று போடுங்கள். என் கையால எடுக்க மாட்டேன் என்று சொன்ன கஸ்தூரி பேர் முதலில் வரட்டும், நான் ஒன்றும் பேராசைக்காரன் இல்லை. மூன்றாவதாக அஞ்சலாட்சி. நடுவில், மற்ற இரண்டையும்விட ஒரு சுற்று பெரிய எழுத்தில், "ஓவியர் கோதண்டம்". நடுவில் வருகிற பேர் பெரிதாக இருந்தால்தான் பலகை பார்வைக்கு நன்றாக இருக்கும். இது தொழில் தெரிந்தவன் சொல்வது.

பெயிண்ட் நான் வாங்கித் தருகிறேன். எழுத மட்டும் வேறு ஆளைக் கூப்பிடுங்கள். தன் பேரைத் தானே எழுதிக்கொண்டான் என்று ஊர் பேசும். ஏணிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, எழுத்து கோணாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.